ஆல்புமின் 2.6, மலப் பரிசோதனை: செய்யப்படவில்லை

கல்கத்தாவில் (2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது, என் கைக்குத்தான் இன்னும் பழகவில்லை) எந்தத் தெருவில் திரும்பினாலும் மூன்று கடைகள் கட்டாயம் இருக்கும். மிஷ்டி கடை, தேலேபாஜா கடை, மருந்துக்கடை. முதல் இரண்டைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் கிடையாது, இடுப்புச் சுற்றளவே சாட்சி :-) மூன்றாவதன் கண்ணாடி அலமாரியை மட்டும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கண் மட்டத்தில் வரிசையாகப் புரதப் பொடி டப்பாக்கள். வெண்ணிலா, சாக்லேட், கேசர் பிஸ்தா. ஒரு டப்பா பல நூறு ரூபாய். "பூச்சி மாத்திரை" என்று கேட்டால் கடைக்காரர் குனிந்து, கீழே ஒரு டிராயரைத் திறந்து, ஒரே ஒரு மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பார். டப்பா விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

டப்பாவுக்கும் டிராயருக்கும் நடுவில் நடக்கும் அநியாயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். புழு, மலம் என்றெல்லாம் வரும், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் என் ஜாதகம். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். பதினாலு வருஷமாக இந்த ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், உயிர்வேதியியல் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பல நூறு பேருடைய ரத்தத்தில் புரதம் எவ்வளவு என்று எங்கள் இயந்திரம் அளக்கிறது, நான் கையெழுத்துப் போடுகிறேன். நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் நான்கு வரி இருக்கும்: மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின், இரண்டுக்குமான விகிதம். இதில் உண்மையில் அளப்பது முதல் இரண்டைத்தான். குளோபுலின் என்பது வெறும் கழித்தல் கணக்கு. மொத்தத்தில் ஆல்புமினைக் கழித்தால் மிச்சம் குளோபுலின், அவ்வளவுதான். நான்கு பரிசோதனை செய்த மாதிரி தாளில் நான்கு வரி வந்துவிடும்.

இந்தக் கழித்தலில்தான் விஷயமே ஒளிந்திருக்கிறது. ஆல்புமின் டெசிலிட்டருக்கு மூன்றரையிலிருந்து ஐந்து கிராம் இருக்க வேண்டும். ஒருவருக்கு அது 2.6-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதே ஆளுக்கு நாள்பட்ட தொற்றினால் எதிர்ப்புப் புரதங்கள் கூடி குளோபுலின் 4.3 ஆகிவிட்டது. கூட்டினால் 6.9. மொத்தப் புரதம் நார்மல்! முதல் வரியைப் பார்த்தவுடன் "புரோட்டீன் டீக் ஆச்சே" என்று தாளை மடித்து வைக்கும் வைத்தியர்களை எனக்குத் தெரியும். அடுத்த வரியையும் பார்த்துவிடும் வைத்தியர் ஆல்புமின் குறைவு என்று புரதப் பொடி எழுதுகிறார். இதற்கு முதலாமவரே தேவலை, நோயாளிக்குக் காசாவது மிச்சம்.

மேலே சொன்ன எண்கள் கற்பனை இல்லை. எங்கள் அடுக்ககத்தில் நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் மாஷியின் எண்கள். விடியற்காலையில் கேனிங் லோக்கலில் நின்றுகொண்டே வந்து, தாக்குரியா ஸ்டேஷனில் இறங்கி, சாயங்காலம் வரை பாத்திரம் தேய்த்துவிட்டு, அதே ரயிலில் அதே மாதிரி நின்றுகொண்டே திரும்பிப் போகும் ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். என்னை "தாதா" என்பார் (நம் ஊர் அர்த்தத்தில் இல்லை, இங்கே அண்ணன் என்று பொருள்). முகம் வெளுத்து, கால் வீங்கி, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஊர்க் கிழவிகள் பார்த்திருந்தால் "ஊதுகாமாலை" என்றிருப்பார்கள். ஒரு நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார். பெயர் வேண்டாம். எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 5.8. ஆல்புமின் 2.6. ஈசினோஃபில் என்ற வெள்ளணு 14 சதவீதம். இரண்டு டப்பா புரதப் பொடி, ஒரு இரும்புச்சத்து டானிக். மொத்தச் செலவு அவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

அந்தக் கத்தைத் தாளில் மலப் பரிசோதனை மட்டும் இல்லை. கேட்டால் "யாரும் எழுதலையே தாதா" என்றார்.

நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கும் நண்பர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். கொக்கிப்புழு முட்டைகள், தேடவே வேண்டியிருக்கவில்லை. அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் அல்பெண்டசோலும், மாதக்கணக்கில் சாப்பிட இரும்பு மாத்திரையும் எழுதினார். இரண்டும் அங்கேயே இலவசம். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 10.4, ஆல்புமின் 3.5. புரதப் பொடி ஒரு டப்பா இன்னும் திறக்காமலே இருக்கிறது என்று பேரனுக்குக் கலக்கிக் கொடுக்கிறார்.

இனி கணக்கு. கொக்கிப்புழுவில் மனிதனுக்கு வருவது முக்கியமாக இரண்டு வகை. நெகேடர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.03 மி.லி. ரத்தம் குடிக்கும். ஆன்கிலோஸ்டோமா பெரிய குடிகாரன், 0.15-லிருந்து 0.2 வரை. இரண்டாவது வகையில் இருநூறு புழு குடலில் தொங்கினால் நாளைக்கு 30 மி.லி. வருஷத்துக்குப் பதினோரு லிட்டர். உடம்பில் மொத்தம் ஓடுவதே நாலரை, ஐந்து லிட்டர்தான்! இவ்வளவும் வீணாகப் போவதில்லை, குடலின் மேற்பகுதியில் கசிகிற ரத்தத்தில் ஒரு பங்கை உடம்பே ஜீரணித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படியும் கட்டுப்படியாகாது. நாம் சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு உறிஞ்சும் இரும்பு ஒன்றிரண்டு மில்லிகிராம். நல்ல ரத்தம் ஒரு மி.லி. போனாலே அரை மில்லிகிராம் இரும்பு போச்சு. ஆகவே முதலில் திவாலாவது இரும்புக் கணக்கு.

புரதக் கணக்கு மெதுவாகத் திவாலாகும். 30 மி.லி. ரத்தத்தோடு போகிற புரதம் ஒன்றரை கிராம் இருக்கும், ஹீமோகுளோபினைச் சேர்க்காமல். அதில் ஆல்புமின் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆரோக்கியமான கல்லீரல் தினம் பத்துப் பன்னிரண்டு கிராம் ஆல்புமின் செய்கிறது. அப்படியானால் இது என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். மூன்று வேளை மீனும் பருப்பும் சாப்பிடும் ஆளுக்கு நஷ்டமே இல்லை, சமாளித்துவிடுவார். காலையில் முடி, மத்தியானம் ஆறின சோறு, ராத்திரி ஆலுசெத்தோ என்று ஓடும் உடம்பில், பசியும் மந்தித்து, உள்ளே அழற்சியும் இருந்தால், கல்லீரல் உற்பத்தியைக் குறைத்துவிடும். ரத்தம் நீர்த்துப் போகப் போக, புழு குடிக்கும் ஒவ்வொரு சொட்டிலும் சிவப்பணு குறைந்து பிளாஸ்மா கூடுகிறது. இரும்பு தீர்ந்த பிறகு புழு உறிஞ்சுவது கிட்டத்தட்ட ஆல்புமின் தண்ணீரைத்தான். கொக்கிப்புழு நோயாளிக்கு ஆல்புமின் இறங்கி, கால் வீங்கியிருக்கிறது என்றால் கதை வருஷக்கணக்காக நடந்திருக்கிறது, சாப்பாடும் சரியில்லை என்று அர்த்தம்.

(சின்ன இடைச்செருகல். புழு என்றதும் "ஐஜிஈ பார்த்தாயா" என்று சிலர் கேட்பார்கள். ஐஜிஈ எத்தனை ஆயிரம் யூனிட் போனாலும் எடைக் கணக்கில் அது தூசு. குளோபுலின் வரியைத் தூக்கிவிடுவது ஐஜிஜி.)

ஆல்புமின் குறைந்தாலே புழுதான் என்று நான் சொல்லவில்லை. கல்லீரல், சிறுநீரகம், காசநோய், எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதை மட்டும் பார்க்காமல் விடுவது ஏன் என்பதே என் கேள்வி. அதுவும் எந்த ஊரில்?

இந்த ஊரில்தான் திமோதி ரிச்சர்ட்ஸ் லூயிஸ் என்ற ராணுவ வைத்தியர் 1872-ல் மனித ரத்தத்துக்குள் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நெளிவதைக் கண்டார். அதற்குக் கொஞ்சம் முன்னால் அதே குஞ்சுகளை, பால் போலச் சிறுநீர் போகும் நோயாளியிடம் பார்த்திருந்தார். அந்தப் பால் நிறம் கொழுப்பு. கூடவே ஆல்புமினும் வெளியே போகிறது. கொசுவையும் மலேரியாவையும் வைத்து 1898-ல் இங்கே வேலை செய்த ரொனால்ட் ராஸுக்கு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. லூயிஸ் பெயரைச் சொன்னால் எங்கள் அலுவலகத்திலேயே முழிக்கிறார்கள்.

சித்தரஞ்சன் அவென்யூவில் இருக்கும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1920களில் நேப்பியர் என்பவர் ஒரு பரிசோதனை வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் சீரம், ஒன்றிரண்டு சொட்டு ஃபார்மலின். சீரம் கெட்டியாகி, வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்தால் காலா அசார். அந்த நோயில் குளோபுலின் தாறுமாறாக ஏறிக் கிடப்பதுதான் காரணம். காலா அசார் புழு நோய் இல்லை, ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை. இருந்தாலும் ஒட்டுண்ணி ரத்தப் புரதத்தை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பதை இயந்திரமே இல்லாமல் கண்ணால் பார்த்த ஊர் இது. அதே நோய்க்கு உபேந்திரநாத் பிரம்மச்சாரி இதே ஊரில் காம்ப்பெல் மருத்துவமனையில் (இன்றைய என்.ஆர்.எஸ்.) 1920-ல் மருந்தே கண்டுபிடித்தார். இன்று எங்களிடம் கோடி ரூபாய் இயந்திரம் இருக்கிறது. அது துல்லியமாக 2.6 என்று சொல்கிறது. அதற்கு மேல் யோசிக்க யாரும் இல்லை.

அதே பள்ளியில் 1924 முதல் 1927 வரை ஏசா சாண்ட்லர் என்ற அமெரிக்கர் கொக்கிப்புழு ஆராய்ச்சி செய்தார். 1929-ல் அவருடைய புத்தகம் வந்தது. எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்று எண்ணுவதால் பயனில்லை, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு புழு இருக்கிறது என்று எண்ணுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வங்காளத்தில் பல இடங்களில் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது, ஆனால் முட்டை எண்ணிக்கை குறைவு, கொஞ்சமாகத்தான் இருந்தது. நோயாக மாறுவது நிறையப் புழு சுமக்கிற சிலரிடம்தான். நூறு பேர் உள்ள கிராமத்தில் புழுக்களில் பெரும்பங்கு ஒரு சிலர் வயிற்றில் இருக்கும், மற்றவர்கள் வயிற்றில் நாலைந்து. இது பிற்பாடு உலகம் முழுக்க உறுதியான விஷயம்.

இதைப் புரிந்துகொண்டால் இன்றைய குடற்புழு அரசியல் முழுக்கப் புரிந்துவிடும். மைக்கேல் க்ரெமரும் எட்வர்ட் மிகேலும் கென்யாவின் புசியா பகுதிப் பள்ளிகளில் மாத்திரை கொடுத்து, பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கூடியது என்று 2004-ல் கட்டுரை எழுதினார்கள். க்ரெமருக்கு 2019-ல் நோபல் பரிசு, கூடவே நம்ம ஊர்ப் பிரசிடென்சி கல்லூரி அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுஃப்லோவுக்கும் (புழு ஆராய்ச்சி க்ரெமருடையது, அபிஜித்துடையது அல்ல, இங்கே டீக்கடையில் அதை மாற்றிச் சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள், பெருமை!). 2015-ல் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் சில முடிவுகள் நிற்கவில்லை என்றார்கள், பெரிய சண்டை. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஐந்து வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்ததில் இறப்பிலும் எடையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று 2013-ல் வெளியிட்டார்கள். உடனே ஒரு கோஷ்டி "மாத்திரையே தண்டம்" என்றது. இன்னொரு கோஷ்டி "உலகத்திலேயே மலிவான அதிசயம்" என்றது.

இரண்டு கோஷ்டியும் சராசரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. புழுவே இல்லாத, அல்லது நாலே நாலு புழு உள்ள தொண்ணூறு பேரோடு எங்கள் மாஷியைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், 5.8 எங்கே தெரியப்போகிறது?

அதைவிடக் கொடுமை, மாஷி அந்தச் சராசரியிலேயே கிடையாது. 2015-ல் ஆரம்பித்த தேசியக் குடற்புழு நீக்க நாள் ஒரு வயது முதல் 19 வயது வரைக்கும்தான். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை. உருண்டைப்புழுவுக்கு அது சரி, அது குழந்தைகளிடம்தான் அதிகம். கொக்கிப்புழு அப்படி இல்லை. வயது ஏற ஏறச் சுமையும் ஏறும். வேலூர் சி.எம்.சி. நடத்திய டீவோர்ம்3 ஆய்வில் நம்ம திமிரி, ஜவ்வாது மலைப் பக்கம் தேடியபோதும் கொக்கிப்புழுதான் பிரதானம், அதுவும் பெரியவர்களிடம்தான் அதிகம். கர்ப்பிணிகளுக்கு இரண்டாவது மூன்று மாதத்தில் ஒரு மாத்திரை உண்டு. மற்றபடி வயலில் நிற்கும் நாற்பது வயது ஆணும், வீட்டு வேலை செய்யும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணும் இந்தக் குடற்புழுத் திட்டத்தின் பட்டியலில் இல்லை.

ஒருகாலத்தில் இருந்தார்கள், வேறு காரணத்துக்காக. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916-ல் ராக்ஃபெல்லர் ஆட்கள் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியபோது மாத்திரை விழுங்க வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் நம்ம ஊரிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். புழு போனால் கூலியாள் கூடுதலாகக் கொழுந்து கிள்ளுவான் என்பது கணக்கு. மருந்துக்கு ஒத்துக்கொண்ட துரைமார் கழிப்பறை கட்டச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்று "வருங்கால வருமானம் இத்தனை சதவீதம் கூடும்" என்று பொருளாதார நிபுணர் எழுதும்போது எனக்கு அந்தத் துரையின் பேரேடு ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு பொம்பளை மூச்சு வாங்காமல் மாடி ஏறுவது தன்னளவில் போதாதா, அதற்கும் லாபக் கணக்கு காட்ட வேண்டுமா?

மாத்திரை மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். மண்ணில் புழுக்குஞ்சு இருந்தால் வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு மறுபடி ஏறும். நாடே திறந்தவெளியை விட்டுவிட்டது என்று 2019 அக்டோபர் 2 அன்று அறிவித்தார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை. மாஷி வீட்டில் கழிப்பறை உண்டு. மழைக்காலத்தில் குழி நிரம்பி, எல்லாம் முற்றத்தில் மிதக்கும். அதே கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் ரத்தசோகை உள்ள பெண்கள் 71.4 சதவீதம், அதற்கு முந்தையதில் 62.5. தமிழ்நாட்டில் 53.4, நாமும் ரொம்பத் துள்ள வேண்டாம்.

இனி என் சொந்தப் பிராது. எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே, ஆல்புமின் 3-க்குக் கீழே, ஈசினோஃபில் 10 சதவீதத்துக்கு மேலே, மூன்றும் ஒரே தாளில் வந்தால் "மலப் பரிசோதனை பரிசீலிக்கவும்" என்று ஒரு வரி தானாக அச்சாக வேண்டும். மூன்று எண்ணும் ஏற்கெனவே இயந்திரத்தில் இருக்கின்றன, காலணாச் செலவில்லை. பதில் வந்தது: வைத்திய ஆலோசனை சொல்வது நம் வேலை இல்லை, தவிர, மல மாதிரி ஒரு தலைவலி, அதில் மார்ஜின் கிடையாது. ஆலோசனை சொல்லக் கூடாதாம். அதே தாளின் அடியில் "அடுத்த முழுஉடல் பேக்கேஜுக்கு 20 சதவீதத் தள்ளுபடி" என்று கலரில் அச்சாகிறது!

தலைவலி என்பது மட்டும் உண்மை. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கண் பழகியிருக்க வேண்டும். கிளிசரின் போட்டுத் தயாரிக்கும் கேட்டோ-கட்ஸ் ஸ்லைடில் கொக்கிப்புழு முட்டை அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து மறைந்துவிடும், அதற்குள் பார்த்தாக வேண்டும். சாதாரண மாதிரியும் வெயிலில் டெம்போவில் நாளெல்லாம் சுற்றி வந்தால் முட்டை பொரிந்து குஞ்சாகியிருக்கும். ஒரு தடவை பார்த்து "இல்லை" என்றால் இல்லை என்று ஆகாது. இதையெல்லாம் செய்ய ஆள் வைக்காமல், செய்ததாகப் பெயர் பண்ணி "காணப்படவில்லை" என்று அடிக்கும் கூடங்களும் ஊரில் உண்டு.

இப்போதைக்கு எங்கள் நோயியல் மேடமும் நானும் அப்படி வரும் தாள்களில் அந்த ஒரு வரியைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். போன மாதம் பாருய்பூர் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். மாதிரியை எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும், டப்பா எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மூன்று பேரை அனுப்பினார். இரண்டு பேருக்கு இருந்தது.

பி.கு.: இங்கே மழை முடிந்ததும் தெருவோரத்தில் பானிஃபல் விற்பார்கள். குளத்தில் விளையும், கொம்பு முளைத்த பச்சைக் காய், வடக்கே சிங்காடா என்பது. பல்லால் தோலைக் கடித்து உரித்துத் தின்பது வழக்கம். இலை மாதிரி பெரிய குடல் தட்டைப்புழு ஒன்று அதன் தோலில் ஒட்டிக்கொண்டுதான் வாய்க்குள் போகிறது. லண்டனில் இறந்துபோன இந்திய மாலுமி ஒருவரின் குடலில் ஜார்ஜ் பஸ்க் 1843-ல் முதன்முதலாகப் பார்த்தது அதைத்தான். நிறைய ஏறினால் ஆல்புமின் இறங்கி முகமும் காலும் வீங்கும். அதற்கு நம்ம டிராயர் மாத்திரை கேட்காது, பிராசிகுவாண்டெல் வேண்டும். வேகவைத்துத் தின்னுங்கள். எங்கள் மாஷி அதற்கு "அப்புறம் அதில் என்ன ருசி தாதா" என்கிறார்.